நம்ம ஆளுக மட்டும்

இராமநாதபுரம்
16.11.2006

அழகு,

நலமா என்று கேட்டால், "நாகு, விஷயத்துக்கு வா" என்பாய். வந்துவிட்டேன்.

எங்கள் பெண்கள் உதவி மையத்துக்கு நான்கு பழைய கம்ப்யூட்டர்கள் வந்திருக்கின்றன. மதுரையில் ஒரு புண்ணியவான் கொடுத்தார். முன்கூடத்தில் போன் எடுக்கிற மெஹருன்னிசாவிடம் ஒன்று, தையல் வகுப்பில் பஞ்சம்மாள் டீச்சரிடம் ஒன்று, என் அறையில் ஒன்று, என் சித்தப்பா மகன் உக்கிரபாண்டியிடம் ஒன்று. அவனை உனக்குத் தெரியும், கடலாடிப் பள்ளிக்கூடத்தில் நம் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டவன். இப்போது மையத்தின் டைப்பிஸ்டும் அவன்தான், வேன் டிரைவரும் அவன்தான்.

தொல்லை என்னவென்றால், ஒரு பெண் வந்து சொன்னதை ஒரு கம்ப்யூட்டரில் அடித்து, ஃப்ளாப்பியில் ஏற்றி, அடுத்த அறைக்கு நடந்து போக வேண்டியிருக்கிறது. நேற்று உக்கிரபாண்டி ஃப்ளாப்பியைச் சட்டைப் பையிலேயே வைத்துத் துவைக்கப் போட்டுவிட்டான். புருஷனிடம் அடிபட்டு வந்த ஒருத்தி சொன்ன கதை முழுவதும் சோப்பு நுரையோடு போயிற்று. அவளை மறுபடியும் உட்கார வைத்துச் சொல்லச் சொன்னேன். அழுதுகொண்டே இரண்டாம் தரமும் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நீ அங்கே கம்பெனிகளுக்கெல்லாம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, அவரவர் இடத்திலிருந்தே பார்க்கிற மாதிரி செய்து தருகிறாயாமே. எங்களுக்கும் ஒன்று செய்து கொடு. இதைப் போனில் கேட்டிருப்பேன். நான் போனை எடுத்தால் தையல் மெஷின் எல்லாம் நின்றுவிடுகிறது, அத்தனை பேருக்கும் காது நீளம்.

உன்
நாகலெட்சுமி

சென்னை
24.11.2006

நாகு,

எங்கள் அலுவலகத்தில் கழித்துப்போட்ட சர்வர் ஒன்று இருக்கிறது. எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். மார்கழியில் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து மாட்டித் தருகிறேன். அதற்கு முன் நீ ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது கிறுக்காமல், உட்கார்ந்து யோசித்து எழுது.

யார் எதைப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு கோப்புக்கும் அந்தப் பெட்டியிடம் சொல்லி வைக்கலாம். அது சுலபம். ஆனால் நாளைக்கு அவசரத்தில் புதிதாக ஒரு கோப்பைத் தொடங்குவீர்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டீர்கள். அப்படிச் சொல்லாமல் விட்ட கோப்பு யார் கண்ணுக்குத் தெரியலாம்? இதற்குத்தான் டிஃபால்ட் என்று பேர். நாம் வாய் திறக்காதபோது பெட்டி தானாக எடுக்கிற முடிவு. சும்மா விட்டால் இந்தப் பெட்டி எல்லோருக்கும் திறந்துவிடும். செய்கிறவர்கள் அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள். பூட்டி அனுப்பினால் வாங்கியவர்கள் போன் போட்டு உயிரை எடுப்பார்கள் என்று பயம்.

நான் பூட்டி வை என்பேன். யாருக்கும் இல்லை என்று தொடங்கி, ஒவ்வொரு கோப்புக்கும் அதில் வேலை உள்ளவர் பெயரை மட்டும் சேர்க்கலாம். கொஞ்சம் வேலை கூடும். உன்னிடம் வருகிற பெண்கள் யாருக்குப் பயந்து வருகிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு முடிவு செய்.

முத்தழகு

இராமநாதபுரம்
2.12.2006

அழகு,

உன் கடிதத்தைப் படித்தால் பரீட்சைக் கேள்வித்தாள் மாதிரி இருக்கிறது. உட்கார்ந்து யோசித்துத்தான் எழுதுகிறேன், நம்பு.

ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் பெயராகச் சேர்க்க எனக்கு இன்னும் இரண்டு கை முளைக்க வேண்டும். எல்லோருக்கும் திறந்து போடவும் மனசில்லை. நடுவாந்திரமாக ஒன்று செய்துவிடு. நம்ம ஆளுகளுக்கு எல்லாம் திறந்திருக்கட்டும், மற்றவர்களுக்கு மூடியிருக்கட்டும். நம்ம ஆளுக என்றால் நான், விடுதியைப் பார்த்துக்கொள்கிற வெள்ளையம்மாள் அத்தை, உக்கிரபாண்டி, வரவுசெலவு பார்க்கிற சித்தப்பா. அவ்வளவுதான்.

மெஹருன்னிசா தங்கமான பெண். பஞ்சம்மாள் டீச்சரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பெண்கள் வாய்விட்டுச் சொல்வது வெளியாள் கண்ணில் பட வேண்டாம் என்று பார்க்கிறேன். நாளைக்கு ஒன்று என்றால் சொந்தக்காரனைச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம், மற்றவர்களை என்ன கேட்பது? என் வீட்டு மனிதர்கள் என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டார்கள்.

சீக்கிரம் வா. உன் அம்மாவை ஊரில் பார்த்தேன். "அழகு எப்பத் தாயி வாரா?" என்று என்னிடம் கேட்கிறாள். பெற்றவளுக்கு ஒரு போன் போடு.

நாகு

சென்னை
8.1.2007

நாகு,

நீ சொன்னபடியே மாட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். 'நம்மவர்' என்று ஒரு குழு. அதில் நீ சொன்ன நாலு பேர். புதிதாக எது உண்டானாலும் அந்த நாலு பேருக்கும் தானாகத் திறக்கும், மற்றவர்களுக்குத் திறக்காது. வந்ததிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. உன் கூடத்தில் உன் சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றதால் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வேலை முடிந்ததும் மெஹருன்னிசா தன் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தாள். சமையல் சாமான் பட்டியலும் லீவு நாள் பட்டியலும் திறந்தன. "எனக்கு இம்புட்டுத்தானாக்கா?" என்று சிரித்தாள். என்னால் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை. மையத்தில் போனை எடுப்பவள் அவள். நீங்கள் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டால் அவள் எதைப் பார்த்துப் பதில் சொல்வாள்?

இன்னொன்று. அந்த நாலு பேரும் ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள். வேலை என்ன என்று பார்த்து நீ பெயர் சேர்க்கவில்லை, உறவு என்ன என்று பார்த்துச் சேர்த்திருக்கிறாய். வெள்ளையம்மாள் அத்தை எனக்குக் காபி கொடுத்த டம்ளர் வேறு, உங்களுக்கு எடுத்த டம்ளர் வேறு. நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய். அதைச் சண்டையாக்க இதை எழுதவில்லை. உங்கள் வீட்டில் நம்ம ஆள் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அதை வைத்து ஒரு பெட்டியைப் பூட்டாதே என்கிறேன். மாற்றச் சொல்லு, போனிலேயே எப்படி என்று சொல்கிறேன்.

முத்தழகு

இராமநாதபுரம்
27.1.2007

அழகு,

டம்ளர் விஷயத்துக்கு அத்தையிடம் நான் போட்ட சண்டை உனக்குத் தெரியாது. நீ பஸ் ஏறின பிறகு போட்டேன். முன்னாலேயே போட்டிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதையும் பெட்டியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. பெட்டி அருமையாக வேலை செய்கிறது, அதை இப்போது நோண்ட வேண்டாம்.

ஒரு சேதி. எங்கள் பங்காளி பொன்னுச்சாமிப் பெரியப்பா மகள் கனி மையத்துக்கு வந்துவிட்டாள். நர்சிங் படிக்கிற பெண். படிப்பை நிறுத்தி இன்னொரு அத்தை மகனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார், ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டி, அடித்து அனுப்பியவர். மாட்டேன் என்றதற்குப் பெரியப்பா மண்வெட்டிக் காம்பால் கையில் போட்டிருக்கிறார். கட்டோடு வந்தாள். "அக்கா, பரீட்சை எழுதுற வரைக்கும் என்னய எங்கனயாச்சும் வச்சுக்கங்க" என்றாள். அந்தக் குரல் காதிலேயே நிற்கிறது.

வெளியூரில் ஓர் இடத்தில் வைத்திருக்கிறேன். எங்கே என்று உனக்கும் எழுத மாட்டேன். ஆபத்து வந்தால் போவதற்கு அடுத்த இடம் ஒன்றும் தயார். அது எது என்று கனிக்கே தெரியாது. தெரிந்தால் வாய் தவறிச் சொல்லிவிடுவார்கள் என்பதற்காக எல்லோருக்கும் இப்படித்தான் செய்கிறோம். ஆபத்து என்றால் மையத்துக்குப் போன் செய்ய வேண்டும், கோப்பைப் பார்த்து அடுத்த இடத்தைச் சொல்வோம். பார்த்தாயா, நானும் யோசித்துத்தான் வேலை பார்க்கிறேன்.

நாகு

இராமநாதபுரம்
19.2.2007

அழகு,

கனியைப் பிடித்துவிட்டார்கள்.

சிவராத்திரிக்கு எங்கள் குலசாமி கோயிலில் மாசிக் களரித் திருவிழா. பங்காளிகள் அத்தனை பேரும் போயாக வேண்டும். மையத்தில் மெஹருன்னிசாவை மட்டும் விட்டுவிட்டு நான், அத்தை, சித்தப்பா எல்லோரும் போய்விட்டோம். சனிக்கிழமை மத்தியானம் கிடா வெட்டிப் பந்தி போட்டார்கள். இலையில் சோறு வைத்துக் கறி ஊற்றுகிறார்கள், கண்மாய்க் கரையில் நம் மையத்து வேன் வந்து நிற்கிறது. டீசல் போட்டுவிட்டு வருகிறேன் என்று விடியற்காலையில் போன உக்கிரபாண்டி இறங்கினான். முன்சீட்டிலிருந்து பொன்னுச்சாமிப் பெரியப்பா இறங்கினார். பின்கதவைத் திறந்தார்கள், கனி இறங்கினாள்.

அழகு, நான் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அவள் பந்தியைப் பார்த்தாள். அவள் அப்பாவின் அண்ணன் தம்பிகளோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்களும் இங்கனதானா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவளைப் பெண்கள் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் எழுந்து ஓடுவதற்குள் பெரியப்பா மகன்கள் குறுக்கே நின்றார்கள்.

உக்கிரபாண்டி ஓடி ஒளியவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்திலேயே நின்றான். "என்னலே செஞ்ச?" என்று கத்தினேன். அவனுக்கு நான் கத்துவதே புரியவில்லை. "நம்ம புள்ளய நம்ம வீட்டுக்குத்தானக்கா கூட்டியாந்தேன்? பெரியப்பா பத்து நாளா சோறு திங்கல. பெட்டியில மேலாப்புல பாத்தேன், ராமேஸ்வரம் லாட்ஜுன்னு போட்டிருந்துச்சு, சொன்னேன். நாங்க தொட்டுக்கூட இழுக்கல, அதுவா ஓடியாந்து வேன்ல ஏறுச்சு" என்றான். பெருமையாகச் சொன்னான்.

அது தானாக ஓடி வந்து ஏறிய கதையை மெஹருன்னிசாதான் சொன்னாள். கனி ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் துணி மடிக்கும் அறையில் இருந்தாள். காலையில் தெருவில் தன் அப்பா ஒவ்வொரு லாட்ஜாக விசாரிப்பதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். உடனே மையத்துக்குப் போன் செய்தாள். "அடுத்த எடம் எங்கனக்கா, சொல்லுங்க" என்றாளாம். மெஹருன்னிசா கோப்பைத் திறக்கப் பார்த்தாள். அனுமதி இல்லை என்று வந்தது. மறுபடியும் தட்டினாள், மறுபடியும் அதே. எனக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறாள். களரிப் பறைச் சத்தத்தில் பையில் கிடந்த போன் எனக்கு எங்கே கேட்கும்? கடைசியில், "பஸ் ஸ்டாண்டுக்குப் போம்மா, ராம்நாடு வண்டியில ஏறி எங்க வீட்டுக்கு வந்துரு" என்று சொல்லியிருக்கிறாள். கனி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அங்கே நம் வேன் நின்றது. நான் அனுப்பியதாக நினைத்துத்தான் ஓடிப்போய் ஏறியிருப்பாள்.

அடுத்த இடம் எது தெரியுமா? அதே லாட்ஜுக்குப் பின்தெருவில் சபியா என்கிற நர்ஸ் வீடு. கொல்லை வழியாகவே போயிருக்கலாம். இதைச் சொன்னதும் மெஹருன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். "சபியா எங்க மாமி மகதானேக்கா! ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா நானே அவளுக்குப் போன் போட்டு அந்தப் புள்ளயக் கூட்டிக்கச் சொல்லியிருப்பேனே. யா அல்லா, என் கையில போன் இருந்துச்சே" என்று அழுதாள்.

எனக்கு எதுவும் ஓடவில்லை. உடனே எழுது.

நாகு

சென்னை
24.2.2007

நாகு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

உக்கிரபாண்டி எதையும் உடைத்துத் திருடவில்லை. பாஸ்வேர்டை ஏமாற்றி வாங்கவில்லை. தன் மேசையில் உட்கார்ந்து, தனக்குத் திறந்திருந்ததைப் படித்தான். தனக்கு வேண்டியவரிடம் சொன்னான். அவன் பெரியப்பாவும் அவனுக்கு நம்ம ஆள்தானே? உனக்கு நம்மவர் என்றால் அவளுடைய அப்பாவுக்கும் நம்மவர் என்பது உனக்குத் தோன்றவே இல்லையா? பங்காளியின் மகளைப் பங்காளியிடமிருந்து ஒளித்து, அந்த இடத்தைப் பங்காளிகளுக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறாய். அவளைக் காப்பாற்றக் கூடியவளுக்குப் பூட்டிவிட்டாய். அந்தப் பூட்டை என் கையாலேயே போட வைத்தாய். மார்கழியில் உன் கூடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இப்போது கனி எங்கே? என்ன செய்கிறார்கள் அவளை? மற்றதெல்லாம் பிறகு.

முத்தழகு

இராமநாதபுரம்
2.3.2007

முத்தழகு,

நீயும் அடி. எல்லோரும் அடிக்கிறார்கள், நீ மட்டும் ஏன் பாக்கி.

தப்பு என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்தவள் ஏன் மாட்டிக் கொடுத்தாய்? சொன்னதைச் செய்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்து, பிறகு கடிதத்தில் வியாக்கியானம் எழுதுவது யாருக்கும் முடியும். நான் இங்கே தினம் தினம் வாசலில் வந்து நிற்கிற புருஷன்மார்களோடு மல்லுக்கட்டுகிறவள். எனக்கு ஆள் வேண்டும். சம்பளம் இல்லாமல் வர என் சொந்தக்காரர்கள்தான் வந்தார்கள். வேறு யாரை நம்பச் சொல்கிறாய்?

கனி அவள் அப்பா வீட்டில் பின்கட்டில் இருக்கிறாள். போனேன். பெரியம்மா கருத்தம்மாள், கனியைப் பெற்றவள், கதவைப் பாதி திறந்து, "போயிரு நாகு, அவரு வந்தா வெட்டிருவாரு" என்று சாத்திவிட்டாள். போலீஸுக்கும் போனேன். அப்பா வீட்டில் என் இஷ்டப்படிதான் இருக்கிறேன் என்று கனியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். கட்டுப்போட்ட அந்தக் கையால் எப்படிப் போட வைத்தார்களோ. மாப்பிள்ளை லீவில் வந்ததும் பங்குனியில் கல்யாணம். பத்திரிகை எனக்கும் வந்திருக்கிறது. உக்கிரபாண்டிதான் கொண்டுவந்து வைத்தான்.

நாகலெட்சுமி

சென்னை
9.3.2007

நாகு,

ஏன் மாட்டினேன் என்று கேட்டது நியாயம். உங்கள் வீட்டுக்குள் நின்று உங்களை மறுத்துப் பேச எனக்கு இன்னும் நாக்கு எழவில்லை. என் அம்மா உன் பெரியப்பா தோட்டத்தில் கூலிக்குப் போகிறாள். அதுதான் காரணம். வேறு சமாதானம் இல்லை.

பெட்டியை இப்படி மாற்று. குழுவை அழித்துவிடு. எது உண்டானாலும் அதை உண்டாக்கியவரைத் தவிர எவருக்கும் திறக்கக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு வேலை செய்கிறவர் பெயரை மட்டும் அவள் கண் முன்னால், அவளிடம் கேட்டுச் சேர். எந்தக் கோப்பில் உனக்கு வேலை இல்லையோ அதில் உன் பெயரும் வேண்டாம். போன் எடுக்கிறவளுக்கு அடுத்த இடம் மட்டும் தெரிய வேண்டும். எப்படிச் செய்வது என்று மெஹருன்னிசாவிடம் போனில் சொல்லியிருக்கிறேன். நீ ஒப்புக்கொண்டால் அவளே செய்துவிடுவாள்.

கொஞ்ச நாளைக்கு எழுத மாட்டேன். கோபம் இல்லை. எழுத முடியாது, அவ்வளவுதான்.

முத்தழகு

இராமநாதபுரம்
31.3.2007

அழகு,

எழுத மாட்டேன் என்றாய். நான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ சொன்னபடி எல்லாவற்றையும் மூடியாயிற்று. மெஹருன்னிசா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்: "இதுல உங்க பேர எடுக்கவாக்கா?" எடுக்கச் சொன்னேன். உக்கிரபாண்டியை அனுப்பிவிட்டேன். "சொந்தத் தம்பியவே வெளிய போடுற, உருப்படுவியாடி?" என்று அத்தையும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இனிமேல் களரிக்கு எனக்குத் தகவல் சொல்வதில்லை என்று பங்காளிகள் கூடிப் பேசி முடித்திருக்கிறார்கள். சாமியிடம்கூட எனக்கு அனுமதி இல்லை.

இப்போது கேள். கனி வீட்டில் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நலுங்கு வைக்கத் தேடியிருக்கிறார்கள், பின்கட்டு காலி. வாசல் பக்கம் மாப்பிள்ளை வீட்டார், தெரு முழுக்கப் பந்தல்காரர்கள், அத்தனை கண்ணையும் தாண்டி எப்படிப் போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கிணற்றில் பாதாளக் கரண்டி போட்டுத் தேடினார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்மாயிலும் தேடினார்கள்.

உன் அம்மாவும் ஊரில் இல்லை என்றார்கள். அழகு, கனி உன்னிடம் இருக்கிறாளா? இருக்கிறாள் என்று ஒரு வரி போடு. எங்கே என்று சொல்லு, நான் மாறுவேஷம் போட்டுக்கொண்டாவது வந்து அவள் காலில் விழுந்துவிட்டுப் போகிறேன். நான் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் எனக்குச் சாவுகூட வராது.

பதிலை மெஹருன்னிசா வீட்டு முகவரிக்கு அனுப்பு. என் கடிதங்களை என் வீட்டில் பிரிக்கிறார்கள்.

நாகு

சென்னை
12.4.2007

நாகு,

கனி உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைப் படித்துவிட்டுச் சோறு தின்னு, பிறகு மீதியைப் படி.

அவள் வந்த வழியை உனக்குச் சொல்லலாம் என்று கனியே சொன்னாள். கல்யாண அவசரத்திலும் உன் பெரியப்பா மிளகாய்ப் பழம் எடுப்பதை நிறுத்தவில்லை. கூலிப் பெண்கள் தினமும் பின்கட்டுக் களத்தில் பழத்தைக் கொட்டிவிட்டு லோடு வேனில் திரும்புவார்கள். அன்று அம்மா, கூலிப் பெண்கள் வெயிலுக்குச் சேலைமேல் போடுகிற மாதிரி இன்னொரு ஆம்பளைச் சட்டையும் தலைத்துண்டும் கொண்டுபோயிருந்தாள். கனி அதைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, துண்டை மூக்குவரை இறக்கி, காலிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்து வந்து வேனில் ஏறினாள். உடன் வந்த பெண்கள் யார் யார் என்று எழுத மாட்டேன்.

"ஏய், வெரசா ஏறுங்கடி, மாப்ள வீட்டு வண்டி வழியில நிக்குது" என்று விரட்டிவிட்டு, பின்கதவைச் சாத்திக் கொக்கி மாட்டியது யார் தெரியுமா? பொன்னுச்சாமியேதான். மகள் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்த தைரியத்துலம்மா செஞ்ச?" என்று அம்மாவிடம் கேட்டேன். "எங்க மூஞ்சிய அவுக என்னைக்குப் பாத்தாக?" என்றாள். வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள். அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். இனி அந்த ஊருக்குப் போக முடியாது. வெளியே காட்டிக்கொள்ளாமல், இந்தச் சென்னைத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை என்று மட்டும் திட்டுகிறாள்.

கனி எங்கள் வீட்டில் இல்லை. எங்கே என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

நீ சொல்லவில்லை, உக்கிரபாண்டிதான் சொன்னான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். மெஹருன்னிசாவும் போனில் சொன்னாள். நம்பினாள். பிறகு கேட்டேன், நாகுவுக்கு மட்டும் உன் இடத்தைச் சொல்லட்டுமா என்று. "நாகக்கா நல்லவுக. நல்லவுகன்னு நம்பித்தான் நானும் போனேன். சொல்லாதீக" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். குறைத்து எழுத மனம் வரவில்லை.

முத்தழகு

இராமநாதபுரம்
21.4.2007

அழகு,

படித்தேன். சோறு தின்றேன். அழுதுகொண்டே தின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோபம் வந்தது. இத்தனை வருஷம் பெண்களுக்காக உழைத்தவளுக்கு இதுதானா என்று உன்மேலும் அவள்மேலும் ஆத்திரமாக வந்தது. 'எனக்கு மட்டுமாவது' என்று தொடங்கி உனக்கு ஒரு கடிதமே எழுதிவிட்டேன். அதைத் தபாலில் போடக் கிளம்பிய அன்று கருத்தம்மாள் பெரியம்மா மையத்துக்கு வந்தாள். பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள், வீட்டில் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு. கன்னத்தில் ஒரு பக்கம் கருத்துக் கிடந்தது.

முன்கூடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் மக எங்கன இருக்கா, நாகு? பெத்தவகிட்டச் சொல்லு" என்றாள்.

"உயிரோட இருக்கா பெரியம்மா. எங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றேன்.

"ஒனக்கே தெரியாதா?"

"தெரியாது. சொல்ல மாட்டேன்னுட்டாக."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்கிறேனா என்று தேடினாள். என் வாழ்க்கையில் அப்படி யாரும் என்னை உற்றுப் பார்த்ததில்லை. பிறகு பிடியை விட்டாள்.

"அப்பச் சரி. ஒனக்கே தெரியலன்னா அவருக்கும் தெரியாது" என்றாள். மெஹருன்னிசா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இனி கேட்க மாட்டேன்.

நாகு